நெற்றிக்கு ஏறுகிற கண்ணாடி

மார்ச் 4, 2025, செவ்வாய்

நெல் ஏலம் விடுகிற கமிட்டியில் இன்றைக்கு நிற்க இடமில்லை. சம்பா நெல் வாசல் கேட் வரைக்கும் வந்து நிற்கிறது. வெளியே லாரி ஒரு பக்கம், கோட்டை பார்க்க வந்த டூரிஸ்ட் வேன் ஒரு பக்கம், நடுவில் டீ குடிக்கப் போகிற நான். தொண்டூரிலிருந்து வந்த பொன்னி நன்றாக இருந்தது. வல்லத்து நெல்லில் ஈரம்.

குவியல் பக்கத்தில் ஒரு பெரியவர் தன் மருமகனிடம் சொன்னது காதில் விழுந்தது. "அதோ நெத்தியில கண்ணாடி வச்சினுகிறாரே, அவருதான் கன்னியப்பன். நெல்ல மோந்து பாத்தே வெல போடுவாரு."

இந்தப் பேர் எனக்கு வந்து பல வருஷம் ஆகிறது. மில்லுகளுக்கு நெல் வாங்கிக் கொடுக்கிற நான் மோப்பம் பிடிக்கிற ஆள் இல்லை. ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்ப்பேன், உமியை ஊதுவேன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அரிசியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால்தான் அரிசியில் முடி மாதிரி ஓடுகிற கீறல் தெரியும். கீறல் இருந்தால் மில்லில் போட்டதும் உடைந்து நொய்யாகிவிடும். கை மூக்குக்கிட்டே போவதைப் பார்த்து மோப்பம் என்று கட்டிவிட்டார்கள். ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தேன். நம்புகிறவர் இல்லை. வியாபாரத்துக்கு நல்ல பேர்தானே என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் மகள் நிலா சொன்னாள். "நைனா, மே மாசம் பரீட்சை முடிஞ்சதும் கண்ணுக்கு லேசர் பண்ணிக்கலாம்னு இருக்கேன். கண்ணாடி வேணாம் இனிமே."

சாப்டியா என்று கேட்டேன்.

மார்ச் 5, புதன்

லேசர் என்றால் இன்னா? வெட்டுவதா, சுடுவதா?

மார்ச் 9, ஞாயிறு

நிலாவுக்கு இருபத்திரண்டு வயசு. என்னைப் போலவே கிட்டப்பார்வை, மைனஸ் ஐந்து. காலேஜில் கபடி ஆடுகிறாள். ஆட்டத்தில் கண்ணாடி போட முடியாது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு தடவை கண் சிவந்து, சீழ் கட்டி, அவள் அம்மா வளர்மதி அழுது, நான் பைக்கில் திண்டிவனத்துக்கு ஓடினதுதான் மிச்சம். இப்போது எப்போதாவதுதான் லென்ஸ் வைக்கிறாள். மற்ற நாளில் வெறுங்கண்ணோடு ஆடுகிறாள்.

"வெறுங்கண்ல இன்னாம்மா தெரியும்?"

"காலுங்க தெரியும் நைனா. யார் காலுன்னு தெரியாது."

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிராக்டீஸ் முடிந்து சில நாள் கமிட்டிக்கு வருவாள், என் பைக்கில் வீட்டுக்குப் போக. வேர்வையில் வழுக்கும் என்று கண்ணாடியைத் தோள்பையில் போட்டிருப்பாள். உள்ளே எல்லாரும் லுங்கி, துண்டு, தலையில் தூசி. கேட்டிலேயே நின்றுகொண்டு நான் கூப்பிடுகிற குரலுக்காகக் காத்திருப்பாள்.

அதற்காகக் கண்ணில் லேசரா? இருக்கிறது ஒரே பெண். அவளுக்கு இருக்கிறது ரெண்டே கண். ஏதாவது ஒன்று என்றால் நான் யாரைப் போய்க் கேட்பேன்?

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. ஒரு மில்லுக்காரன் தன் அரிசியை எவ்வளவு புகழ்ந்தாலும் சரி, அவன் வீட்டு உலையில் எந்த அரிசி வேகிறது என்று பார். அதுதான் நிஜம். பாண்டியில் பெரிய கண் ஆஸ்பத்திரி ஒன்றில் சனிக்கிழமை பார்க்கலாம் என்கிறாள் நிலா. வருகிறேன் என்றேன். போய் அந்த டாக்டர் வீட்டு உலையைப் பார்க்கிறேன்.

மார்ச் 15, சனி, பாண்டி

கண்ணாடி போட்டிருக்கிறார்.

டாக்டரம்மா பெயர் பாரதி. என் வயசுதான் இருக்கும். லேசர் செய்வதில் கைதேர்ந்தவர் என்று வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள். உள்ளே போனால், தடிமனான கண்ணாடி! என்னுடையதை விடக் கொஞ்சம்தான் மெலிசு.

அவர் நிலாவிடம் பேசிக்கொண்டே இருந்தார், நான் அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவிழியை அளக்க வேண்டுமாம். லென்ஸ் வைத்திருந்ததால் கருவிழி அமுங்கியிருக்குமாம், அளவு தப்பாக வருமாம். ரெண்டு வாரம் லென்ஸைத் தொடாமல் இருந்துவிட்டு வரச் சொன்னார். அளவெடுக்கிற பெண்ணும் கண்ணாடி. மருந்து கொடுக்கிறவரும் கண்ணாடி. இன்னா ஆஸ்பத்திரிடா இது?

கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அத்தனை படித்த அம்மாவிடம் "நீங்க ஏன் செஞ்சுக்கல" என்று எப்படிக் கேட்பது?

மார்ச் 16, ஞாயிறு

வீட்டில் சண்டை. ஊருக்குத்தான் உபதேசம் என்று நான் சொல்லிவிட்டேன். "அந்தம்மாவே செஞ்சுக்கல, உன் கண்ணுல கை வைக்கப் போறாங்களாம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

நிலா போனில் எதையோ தேடி எடுத்து வாசித்துக் காட்டினாள். மற்றவர்களைவிடக் கண் டாக்டர்கள்தான் அதிகமாக லேசர் செய்துகொள்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. எழுதினது யாரு? லேசர் மிஷின் விக்கிறவனா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எத நம்புவ நைனா, அத சொல்லு" என்றாள்.

நியாயமான கேள்வி. நான் எதை நம்புவேன்? கண்ணால் பார்த்ததை. அந்தக் கண்ணுக்குத்தான் இவ்வளவு வழக்கு.

மார்ச் 20, வியாழன்

கமிட்டியில் மூட்டை தூக்குகிற தனகோட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அண்ணா, நம்ம ஊர்ல முடி வெட்றவருக்கு மண்டையில ஒரு முடி இல்ல. நீ அவராண்டதான வெட்டிக்கற?" என்றான்.

அவனை அடுத்த மூட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மார்ச் 29, சனி, பாண்டி

கேட்டேவிட்டேன்.

அளவெல்லாம் எடுத்து முடித்து, நிலாவுக்குக் கருவிழி நல்ல கனம், ரெண்டு வருஷமாகப் பவரும் ஏறவில்லை, செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. "டாக்டரம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. இது அவ்ளோ நல்லதுன்னா நீங்க ஏன் செஞ்சுக்கல?"

நிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் கோபப்படவில்லை. "உக்காருங்க. எல்லாரும் மனசுக்குள்ள கேட்டுட்டுப் போயிடுவாங்க. வாய் தெறந்து கேக்கறவங்க கம்மி" என்றார். பிறகு பக்கத்து அறையைப் பார்த்துக் கூப்பிட்டார். அன்புச்செல்வன் என்று ஓர் இளம் டாக்டர் வந்து நின்றார்.

"அன்பு, உங்களுக்கு என்ன பவர் இருந்துச்சு?"

"மைனஸ் நாலே கால் மேடம்."

"லேசர் யார் பண்ணது?"

"நீங்கதான் மேடம்."

நான் எழுந்து கிட்டே போய் அவர் கண்ணைப் பார்த்தேன். பழக்கதோஷம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தேன். பாவம், அசையாமல் நின்றார். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. கண் அடிக்கடி வறண்டுபோகிறதாம், முதல் வருஷம் சொட்டு மருந்து கூடவே வைத்திருந்தாராம், மற்றபடி ஒன்றுமில்லை என்றார்.

"அப்ப நீங்க?" என்றேன் டாக்டரம்மாவிடம். விடுவேனா?

"என் கருவிழி மெலிசு. செதுக்குனா தாங்காது. உங்க பொண்ணு கண்ணு மாதிரி இருந்திருந்தா அந்த வயசுலயே செஞ்சிருப்பேன்" என்றார். அந்த நேரம் பார்த்து அவர் போனில் ஏதோ மெசேஜ் வந்தது. படிக்க எடுத்தார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். படித்தார்.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். "டாக்டரம்மா, நீங்களும் மோந்து பாக்குறீங்க!"

நிலா சிரித்த சிரிப்பில் வெளியிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். விளக்கம் சொன்ன பிறகு டாக்டரும் சிரித்தார். அப்புறம் சொன்னார், எங்கள் பக்கம் சாளேசரம் என்கிறோமே, நாற்பது தாண்டினால் கிட்டத்தில் எழுத்து மங்குவது, அது எல்லாருக்கும் வரும். எங்களைப் போலக் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு ஒரு சலுகை, கண்ணாடியைக் கழற்றினால் போதும், கிட்டத்தில் இருப்பது துல்லியமாகத் தெரியும். இத்தனை வருஷம் என் கையை, என் அனுபவத்தை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் மைனஸ் பவர் போட்ட பிச்சையா?

எனக்கும் ஆசை வந்துவிட்டது. வேர்வையில் வழுக்குகிற கண்ணாடி, தூசி, மழை... "அப்ப எனக்கும் ஒண்ணு பண்ணிடுங்களேன்."

"சர்க்கரை இருக்குதா?"

"இருக்குது."

"அதையும் பாக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. ஒரு நாள் பூரா கண்ணாடிய நெத்திக்கு ஏத்தாம வேலை பாருங்க. லேசர் பண்ணா உங்களுக்கு எப்பவும் அப்படித்தான். தூரம் தெரியும், கிட்ட தெரியாது. அப்புறம் அரிசி பாக்க ஒரு கண்ணாடி வாங்கணும்."

"எங்க பொண்ணுக்கு?"

"இப்ப ரெண்டும் தெரியும். நாப்பதுக்கு மேல அவங்களும் படிக்கக் கண்ணாடி போடணும். அத நான் மறைக்கல."

பஸ்ஸில் வரும்போது நிலா என் தோளில் தூங்கிவிட்டாள். சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றைக்குத்தான் செய்து பார்த்தேன். தேதியே சரியில்லை.

கை தானாக நெற்றிக்குப் போகிறது. தனகோட்டியிடம், கை மேலே போனால் தட்டிவிடு என்று சொல்லி வைத்தேன். பெரிய சந்தோஷம் அவனுக்கு. காலையிலிருந்து மதியம் வரை மூட்டை தூக்கினதைவிட என் கையில் அடித்ததுதான் அதிகம்.

தூரத்து மூட்டையில் எழுதின பேர் தெரிகிறது. தராசு முள் தெரிகிறது. உள்ளங்கை அரிசி? வெள்ளையாக ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். கையைத் தள்ளிப் பிடித்தால் கொஞ்சம் தெளிகிறது, ஆனால் அரிசி சின்னதாகிவிடுகிறது. விவசாயிகள் கூடிவிட்டார்கள். ஒருவர் தனகோட்டியிடம் மெதுவாகக் கேட்டார். "இன்னாப்பா, இன்னிக்கு மோந்து பாக்கல? சளி புடிச்சிருக்குதா?"

"ஆமா, மூக்கடைப்பு" என்றான் அந்தப் பாவி. அடுத்த குவியலில் இன்னொருவர் எனக்குக் கற்பூரவள்ளி கஷாயம் சொன்னார்.

ஒரு பொன்னிக் குவியலுக்கு நல்ல விலை எழுதினேன். நல்ல நெல்தான். நல்ல நெல்தானா?

ஏப்ரல் 3, வியாழன்

நல்ல நெல் இல்லை. மில்லுக்கார ராஜாராம் போன் செய்தார். "கன்னியப்பா, இன்னாத்த அனுப்பியிருக்க? பாதி நொய்யா கொட்டுது." வெயிலில் அதிகம் காய்ந்து கீறல் விட்ட நெல். என் கண்ணில் பட்டிருக்க வேண்டியது. நஷ்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். இத்தனை வருஷத்தில் ராஜாராம் என்னிடம் குரல் உயர்த்தினது இதுதான் முதல் தடவை.

என் வழக்கு முடிந்தது. எனக்கு லேசர் வேண்டாம்.

சோற்றுக்கு உட்கார்ந்தேன். வளர்மதி எனக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். சர்க்கரை வந்ததிலிருந்து ராத்திரிக்கு அதுதான். அவளும் நிலாவும் பொன்னி அரிசிச் சோறு. நான் மறுபடியும் ஆரம்பித்தேன். டாக்டரம்மா நல்லவங்கதான், ஆனாலும் அவங்க செஞ்சுக்கலியே, அந்த உலை, இந்த உலை என்று.

வளர்மதி கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்த ஊருக்கே நெல்லு வாங்கி விக்கற. உன் தட்டுல இன்னா இருக்குது?"

பார்த்தேன். களி.

"கன்னியப்பனே அவன் அரிசிய திங்க மாட்டேங்கறான், அதுல ஏதோ கோளாறுன்னு எவனாவது உன் உலையப் பாத்துச் சொன்னா இன்னா பண்ணுவ?"

"எனக்கு உடம்புக்கு ஆவாது, அதான திங்கல. அரிசி இன்னா பண்ணும்?"

"அத்தத்தான் அந்தம்மாவும் சொன்னாங்க" என்றாள். நிலா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். தலை குனிந்திருந்தாலும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

களியைச் சுடச்சுட விழுங்கினேன். தொண்டை வெந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒரு சோறு பதம் என்று நான் சொன்னதும் தப்புதான். மாதிரி எடுக்க மூட்டையில் குத்தூசி போட்டால் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் போடுகிறவன் நான். டாக்டர் விஷயத்தில் மட்டும் ஒரே இடத்தில் போட்டுவிட்டு விலை எழுதிவிட்டேன். அதே ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா கையாலேயே அந்த இளம் டாக்டர் செய்துகொண்டிருக்கிறார், டாக்டரம்மா செய்துகொள்ளவில்லை. ரெண்டு பேரும் சரி.

நிலாவைக் கூப்பிட்டுச் சரி என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள். பயம் போய்விட்டதா? போகவில்லை. பயத்தோடேதான் சொன்னேன்.

மே 10, சனி, பாண்டி

வெளியே உட்கார்ந்திருக்கிறேன். வளர்மதி மயிலத்து முருகன் விபூதியை மடித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள்.

கபடி ஆடுகிற பெண், கண்ணில் அடி படலாம் என்பதால், மடல் மாதிரி வெட்டித் திறக்காமல் மேல்தோலை மட்டும் எடுத்துவிட்டுச் செய்கிற வகையை டாக்டர் தேர்ந்தெடுத்தார். ஆறுவதற்கு நாளாகும், மூன்று நாலு நாள் வலிக்கும், பார்வை மெதுவாகத்தான் தெளியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சரி சரி என்று தலையாட்டினேன்.

முடிந்துவிட்டது. டீ வாங்கி, அது ஆறுவதற்குள் முடிந்துவிட்டது! இதற்கா இத்தனை நாள்?

மே 12, திங்கள்

அழுகிறாள். கண்ணுக்குள் மிளகாய்த் தூள் மாதிரி இருக்கிறதாம். வெளிச்சம் ஆகவில்லை. எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, முன்பைவிட மோசம் என்கிறாள். முன்பைவிட மோசமா? ஐயோ, இன்னா பண்ணி வச்சிட்டேன். நல்லா இருந்த கண்ணு. ஒரு வார்த்த வேணாம்னு சொல்லியிருந்தா அடங்கியிருப்பா.

டாக்டருக்குப் போன் போட்டேன். சத்தமாகத்தான் பேசினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "வலிக்கும்னு சொன்னேனே ஐயா. மேல்தோல் வளருது. மருந்து நேரத்துக்கு விடுங்க. வலி கூடினா, சீழ் வந்தா எந்த நேரமானாலும் கூப்பிடுங்க. எப்படி இருந்தாலும் வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். குரல் மாறவில்லை. எனக்குத்தான் மாறியிருந்தது.

மே 13, செவ்வாய்

தூசி ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் தூசி எது? நான்தான். கமிட்டியிலிருந்து வந்தால் என் தலைமுடியில், காதில், சட்டை மடிப்பில் எல்லாம் நெல்லுச் சுணை. தெருக்குழாயிலேயே குளித்து, வளர்மதி கொண்டுவந்த வேஷ்டியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். அப்போதும் அவள் படுத்திருக்கிற அறைக்குள் போகாமல் வாசற்படியில் நின்று பேசுகிறேன்.

"யாரு, நைனாவா?" என்றாள் இன்றைக்கு. அந்தக் கேள்வி என்னைக் கொன்றுவிட்டது.

மே 15, வியாழன், பாண்டி

கண்மேல் மூடி வைத்திருந்த மெல்லிய லென்ஸை எடுத்துவிட்டார்கள். வலி நின்றுவிட்டது. தோல் நன்றாக மூடியிருக்கிறதாம். டாக்டரம்மாவிடம் போனில் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். அவர் அதற்குள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடுத்தவர் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

மே 24, சனி

கோட்டை மலை ராஜகிரி மேலே கட்டடம் தெரிகிறதா என்று மாடியில் கேட்டேன். "மல தெரியுது. கட்டடம் இருக்கறாப்ல இருக்குது" என்றாள். நேற்று மலையே சரியாகத் தெரியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பஸ் போர்டு படித்தாளாம். வளர்மதி எனக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

ஜூன் 12, வியாழன்

தூசிக்குப் போகலாம், கபடி இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம் என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்றைக்குக் கமிட்டியில் நவரை நெல் கடைசி வரத்து. நான் வல்லத்துக் குவியலில் ஒரு பிடி எடுத்துத் தேய்த்து ஊதிவிட்டு, கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு அரிசியில் மூழ்கியிருந்தேன். தனகோட்டி முதுகில் தட்டினான். "அண்ணா, பாப்பா அங்க கேட்டாண்ட கை காட்டுது. ரொம்ப நேரமா காட்டுது."

கண்ணாடியை இறக்கினேன். கேட்டுக்கு வெளியே, லாரிகளுக்கு அந்தப் பக்கம், நிலா. முகத்தில் கண்ணாடி இல்லை. நேராக என்னைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவே இல்லை.

மூட்டைகளுக்கு நடுவே விடுவிடு என்று நடந்து வந்தாள். "இத்தினி பேர் ஒரே மாதிரி நிக்கறாங்க. எப்பிடிம்மா கண்டுபுடிச்ச?"

"எல்லாரும் நெல்ல பாக்கறாங்க. நீ ஒருத்தன்தான் மோந்து பாக்கற."

தனகோட்டி சிரித்தான். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்தால் தூசி என்று சொல்லிக்கொள்ள வசதியான இடம் எங்கள் கமிட்டி.

கையை அவளிடம் நீட்டினேன். "இதுல எத்தினி அரிசியில கீறல் இருக்குது, சொல்லு."

குனியாமல், நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். "ரெண்டு."

நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

மூன்று.